தளம் போடும் முன்

தம்பி வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருக்கும்போது அக்காவின் வீட்டை வேறு யார் கட்டுவார்? குடும்பத்தில் யாருக்கும் அதில் மறுபேச்சு இருக்கவில்லை. மனை கைக்கு வந்த உடனேயே தம்பி டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நான்கு மூலையும் அளந்தான். அஸ்திவாரம் வந்தது, தூண்கள் வந்தன, சுவர்கள் ஆள் உயரம் தாண்டின. அக்கா ஆஸ்பத்திரியில் வேலை முடித்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே மனைக்கு வருவாள். புதுச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மேஸ்திரியிடம் இரண்டு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

மேல்தளத்துக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அக்கா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி வெளியில இருந்து ஒரு இஞ்சினியர் வந்து பாக்கட்டும்டா. பேசி வெச்சிருக்கேன்.”

தம்பி குடித்துக்கொண்டிருந்த டீயைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்தான். “எதைப் பாக்க?”

“கம்பி, பலகை, எல்லாத்தையும்.”

“நான் எதுக்கு இருக்கேன்?”

“நீ கட்டுறதுக்கு இருக்கே.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “எத்தனையோ பேரு என்கிட்ட சாவி வாங்கிட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. கூடப் பொறந்தவ நீ எனக்கு மேல ஆள் வைக்கிறியா? என் ஆளுங்க முன்னாடி என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

“இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், நல்ல மூஞ்சிதான்” என்றாள் அக்கா. அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தாள். “வார்டுல சில ஊசிகளை நான் தனியாப் போட முடியாது. பக்கத்துல இன்னொரு நர்ஸ் நின்னு மருந்துப் பேரு, அளவு, எந்த பெட்டு எல்லாத்தையும் வாய்விட்டுப் படிக்கணும். வேலைக்குச் சேந்த அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். என்னை யாரும் சந்தேகப்பட்டு அப்படிச் செய்யலை. ஒருத்தர் கண்ணுக்குத் தப்புறது இன்னொருத்தர் கண்ணுல படும். அவ்வளவுதான் விஷயம்.”

“அது மருந்து, அக்கா. இது கம்பி.”

“ரெண்டுக்கும் அடியில மனுஷங்கதான்டா படுத்திருக்காங்க.”

தம்பி மிச்ச டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அன்று சாயங்காலமே அம்மாவின் போன் வந்தது. அம்மா தம்பியோடு இருக்கிறாள். மகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் போதும், காரணம் என்னவென்று விசாரித்து முடித்துவிடுவாள்.

“உன் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாரா, இல்ல உனக்கே தோணுச்சா?”

“எனக்கேதாம்மா.”

“நான் பெத்து வளத்த புள்ளை. தப்பாக் கட்டுவானா?”

“பெத்தது நீதாம்மா, யாரு இல்லேன்னா? கம்பி நீ கட்டலையே.”

அம்மா போனை வைத்துவிட்டாள். அக்காவின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சண்டை அடுத்த தெருவில் நடந்தாலும் தன் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறவர். அவர் மெல்ல வந்து, “மச்சான் கோச்சுக்கிட்டுப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றது?” என்று கேட்டார்.

“கூரை இல்லாமலே குடியேறிடுவோம். காத்து நல்லா வரும்” என்றாள் அக்கா. இந்த மாதிரி ஒற்றைக் காலில் நிற்கும்போது அவளை யாராலும் அசைக்க முடியாது என்பது கணவருக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோன சங்கதி.

கான்கிரீட் வண்டிக்குச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் காலையில் இஞ்சினியரம்மா வந்தாள். கட்டைகுட்டையான உடம்பு, தோளில் ஒரு கனத்த பை, காலில் தேய்ந்துபோன பூட்ஸ். ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எனக்கு முட்டி வலி. ரெண்டு தடவை ஏற விடாதீங்க. ஒரே ஏத்தத்துல எல்லாத்தையும் பாத்துடறேன்” என்றாள். தம்பி ஏணியைப் பிடித்தான். வேலையாட்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மேலே போனதும் இஞ்சினியரம்மா அவசரப்படவில்லை. கம்பிகளின் இடைவெளியை அளந்தாள். தூணும் பீமும் சேரும் இடத்தில் குனிந்து விரலை விட்டு எண்ணினாள். பலகைக்குக் கீழே நிறுத்தியிருந்த முட்டுகளை மேலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தாள். “பீம் கம்பி நல்லா இருக்கு” என்றாள். கொஞ்சம் நகர்ந்து, “தூண் நேரா நிக்குது. கை சுத்தமான வேலை” என்றாள். தம்பியின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. அக்கா பக்கம் திரும்பி, ‘பார்த்துக்கோ’ என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். அக்காவும் மனசுக்குள் அப்பாடா என்று மூச்சு விட்டாள். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள் என்று முடிந்தால் சந்தோஷம்தானே.

தெருப் பக்கம் பால்கனி. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, கீழே தூண் ஏதும் இல்லாமல் நிற்க வேண்டியது. அங்கே வந்ததும் இஞ்சினியரம்மா நின்றாள். முட்டி வலியைப் பாராமல் மண்டியிட்டு, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் கையை நுழைக்கப் பார்த்தாள். கை நுழையவில்லை. இரண்டு விரல்தான் போயிற்று.

“கான்ட்ராக்டர் சார், இங்க வாங்க.”

தம்பி போய்க் குனிந்தான். குனிந்தவன் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இது மேல இருக்க வேண்டிய கம்பி” என்றாள் இஞ்சினியரம்மா, அக்காவுக்கும் புரியட்டும் என்று. “நீட்டிக்கிட்டு நிக்கிற தளத்துல பாரம் ஏறினா மேல்பக்கம்தான் இழுபடும். அங்க பிடிச்சுக்க கம்பி இருக்கணும். இது கீழ பலகையோட படுத்துக்கிடக்கு. இப்படியே ஊத்தினா கம்பி இருந்தும் இல்லாத கதைதான்.”

“தெரியும் மேடம்” என்றான் தம்பி. “கட்டும்போது மேலதான் இருந்துச்சு. நானே பாத்தேன். ஆளுங்க மேல நடந்து நடந்து மிதிபட்டு எறங்கிடுச்சு.”

“இருக்கும். ஏன் எறங்கினோம்னு கம்பிக்குக் கவலை இல்லையே.”

“அடியில தாங்கல் கம்பி இன்னும் நெருக்கமா வெச்சிருக்கணும். நடக்கறதுக்குப் பலகை போட்டிருக்கணும். என் தப்பு.” அவன் எழுந்து வேலையாட்களைப் பார்த்தான். “நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. இதை மறுபடி தூக்கிக் கட்டுறோம்.”

கான்கிரீட் இன்னும் விழவில்லை. கம்பியைத் தூக்கிக் கட்டினால் தீர்ந்தது. கீழே இறங்கி வந்த தம்பியைப் பார்த்ததும்தான் விஷயம் தீரவில்லை என்று அவளுக்குப் பட்டது. திட்டு வாங்கிய முகமாக அது இல்லை. ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் டாக்டர் “உட்காருங்க” என்று சொல்லும்போது சிலருக்கு வருமே, அந்த முகம். சிமென்ட் மூட்டையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு இப்படி வேர்க்காது. சொல்லு.”

“போன வருஷம் மருந்துக்கடைக்காரர் வீடு முடிச்சுக் குடுத்தேனே. அதுலயும் இதே மாதிரி பால்கனி. இதே ஆளுங்க. அம்மாவுக்கு ஆபரேஷன்னு நீ கூப்பிட்ட அன்னைக்குத்தான் அங்க தளம் போட்டாங்க. காலையில நான் கம்பியைப் பாக்கலை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துட்டேன்.”

“அது சரியாவும் இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம்.” தம்பி கையைப் பிசைந்தான். “போன மாசம் அவர் கூப்பிட்டார். பால்கனிக் கதவை ஒட்டித் தரையில நீளமா ஒரு விரிசல்னு. நான் போகலை. ஆள் அனுப்பி வெள்ளை சிமென்ட் வெச்சு அடைச்சுட்டு வரச் சொன்னேன்.”

பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த இஞ்சினியரம்மா அப்படியே நிமிர்ந்தாள். “கதவை ஒட்டியா? சுவரோரமா, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்குமா?”

தம்பி தலையை ஆட்டினான்.

“கிளம்பு” என்றாள் அக்கா.

“இப்பவேவா? கொஞ்சம் யோசிச்சு, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

“யோசிக்கறதை வண்டியில உக்காந்து யோசி.”

“அக்கா, இது வெளிய வந்தா என் தொழிலே போயிடும். ஊரே பேசும்.”

“பேசட்டும். பேசறவங்க வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க. அது விழுந்துச்சுன்னா?” அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். “நீ வரலேன்னா நான் போய்ச் சொல்லுவேன். ஆனா நீ சொல்றதுதான்டா நல்லது. உனக்கும்.”

தம்பி எழுந்தான்.

இஞ்சினியரம்மாவின் சின்னக் காரில் மூன்று பேரும் போனார்கள். மருந்துக்கடைக்காரர் வீடு பளபளவென்று புதுசாக நின்றது. தலைவாசலுக்கு நேர் மேலே பால்கனி. வீட்டுக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அதற்குக் கீழேதான் நடந்தாக வேண்டும். பால்கனி விளிம்பு முழுக்கச் செடிகள், எல்லாம் இடுப்பளவு உயர சிமென்ட் தொட்டிகளில். அவற்றுக்கு நடுவில் நாற்காலி போட்டு, மருந்துக்கடைக்காரரின் மனைவி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தெருவில் நின்றபடியே கூப்பிட்டாள். “அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.”

“யாரு?”

“சொல்றேன். முதல்ல எழுந்து வீட்டுக்குள்ள வாங்க. பேப்பர் அங்கயே இருக்கட்டும்.”

அது அவளுடைய வார்டுக் குரல். சத்தம் கிடையாது, அவசரம் கிடையாது, ஆனால் மீற முடியாது. அந்த அம்மாள் என்ன ஏது என்று தெரியாமலே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடையிலிருந்து மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். தம்பி அவரை உட்காரச் சொல்லி, தான் நின்றுகொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னான். தளம் போட்ட அன்று தான் அங்கே இல்லாதது, இன்று அக்கா வீட்டில் கண்டுபிடித்தது, விரிசலை அடைத்தது. எதையும் பூசி மெழுகவில்லை. கேட்கக் கேட்க மருந்துக்கடைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

“விரிசல்னு கூப்பிட்டதுக்கு நீ வந்து எட்டிக்கூடப் பாக்கலையே! சுண்ணாம்பு தடவிட்டுப் போற மாதிரி தடவிட்டுப் போனான் உன் ஆளு. என் பேத்தி அங்கதான் ஓடி விளையாடுறா, தெரியுமா?”

“ஆமா சார்” என்றான் தம்பி. “தப்புதான் சார்.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா?”

“ஆகாது சார். இடிச்சுட்டு நானே கட்டித் தர்றேன். அதுக்கு முன்னாடி இவங்க ஒருதரம் பாக்கட்டும்.”

இஞ்சினியரம்மா பால்கனியில் கால் வைக்கவில்லை. கதவுப்படியில் இந்தப் பக்கமாகக் குப்புறப் படுத்து, கையை மட்டும் நீட்டி, பையிலிருந்து எடுத்த ஒரு கருவியைத் தரையோடு தரையாக நகர்த்தினாள். உள்ளே கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்தினாள். திரும்பவும் ஒருமுறை. எழுந்தபோது சேலையெல்லாம் தூசி.

“ஆழத்துல இருக்கு” என்றாள். “இது இவ்வளவு நாள் நின்னதே பெரிசு. யாரும் மேல போகாதீங்க. வாசல் வழியா நடக்காதீங்க, பின்பக்கமா போங்க. உடனே கீழ முட்டு குடுக்கணும். முட்டு நின்ன பிறகுதான் தொட்டியில கை வைக்கணும்.”

“முட்டுக்கு இந்நேரத்துல எங்க போறது?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா ஏற்கெனவே போனை எடுத்துவிட்டாள். அன்று பள்ளிக்கூடம் லீவு, கணவர் மனையில்தான் இருந்தார்.

“ஏங்க, நம்ம பால்கனிக்கு அடியில இருக்கிற முட்டு எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்தச் சொல்லுங்க. ஆளுங்களும் வரட்டும்.”

“நம்ம வீட்டு முட்டா? அப்போ நம்ம தளம்?”

“நம்ம வீட்டுல இன்னும் யாரும் குடியிருக்கலைங்க.”

வண்டி வந்தபோது முன் ஸீட்டில் கணவரே உட்கார்ந்து வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஆட்களோடு ஆளாக முட்டுகளை இறக்கினார். தம்பி யாரையும் பால்கனிக்குக் கீழே விடவில்லை. ஒவ்வொரு முட்டுக் கம்பத்தையும் தானே உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, தானே திருகி இறுக்கினான். அந்த நேரம் முழுக்க அக்கா தெருவில் நின்று, தலைக்கு மேலே நிற்கும் அந்த விளிம்பையும் அதற்குக் கீழே குனிந்திருக்கும் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாம்தான் அவனை இங்கே இழுத்து வந்தோம் என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ‘வெளியே வந்துவிடு’ என்று அவள் கூப்பிடவில்லை.

முட்டு இறுகிய பிறகு தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார்கள். கடைசித் தொட்டி உள்ளே வந்ததும் மருந்துக்கடைக்காரரின் மனைவி எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்பிக்கும் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

பேச்சு ஊரில் பரவத்தான் செய்தது. அடுத்த வீட்டுக்குத் தம்பியிடம் பேசி முடித்திருந்த ஒரு குடும்பம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அம்மா போனில், “கூடப் பொறந்தவன் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி” என்று அழுதாள். தம்பி அக்காவின் மனைக்கு வருவான், வேலையைப் பார்ப்பான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். “சாப்பிட்டியா?” என்றால் “ம்”. அக்காவுக்கு அது வலித்தது. ஆனாலும் பேசாதவனைப் பேச வைக்க அவள் கெஞ்சவில்லை. தான் செய்ததில் மாற்றிக்கொள்ள ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பால்கனியை இடித்த அன்று மத்தியானம், தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து வார்டு வாசலில் நின்றான். தலைமயிர், இமை, சட்டை எல்லாம் சிமென்ட் தூசி. அக்கா பதறிப்போய் ஓடிவந்தாள். “அடிபட்டுச்சா?”

“இல்லக்கா.” அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். “கதவோரம் வெட்ட ஆரம்பிச்சோம். மேல்பக்கம் கொஞ்சம்தான் வெட்டியிருப்போம். மொத்தமா வாயைப் பிளந்துக்கிட்டு முட்டு மேல உக்காந்துடுச்சு. முட்டு மட்டும் இல்லேன்னா...”

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்த தூசியைக் கையால் தட்டினாள்.

“அந்தப் பாப்பா அங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சுக்கா. பேத்தி. ‘இது ஏன் இவ்ளோ சீக்கிரம் உடைஞ்சுடுச்சு மாமா’ன்னு கேக்குது. நான் என்ன சொல்றது?”

“என்ன சொன்னே?”

“நான் சரியாக் கட்டலை பாப்பா, இப்ப சரியாக் கட்டுறேன்னு சொன்னேன்.”

“வேற என்ன வேணும்?” என்றாள் அக்கா. “முகத்தைக் கழுவிட்டு வா. கேன்டீன்ல ஏதாவது சாப்பிடலாம்.”

அவன் போனான், கழுவினான், வந்தான். இரண்டு பேருக்கான சாப்பாட்டை ஒருவனே சாப்பிட்டான்.

அக்கா வீட்டுத் தளம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருவழியாகப் போடப்பட்டது. அன்று கான்கிரீட் வண்டி வந்து, முதுகில் டிரம் உருண்டுகொண்டே இருக்க, தெருவில் நின்றது. இஞ்சினியரம்மா வழியில் எங்கோ மாட்டிக்கொண்டாள். ஆரம்பித்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டதற்கு, “அவங்க வராம ஒரு சட்டி விழக்கூடாது” என்று தம்பி மேலிருந்து கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. கம்பிமேல் நடக்கப் பலகைப் பாதை போட்டிருந்தான். பாதையை விட்டு யார் கால் இறங்கினாலும் அவன் போட்ட கூச்சலில் சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது.

பலகை பிரித்த பிறகு ஒரு விடுமுறை நாளில் அம்மா வீட்டைப் பார்க்க வந்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் மகள் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தம்பி அவளை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனான். பால்கனியில் அம்மா காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். “ம்” என்றாள்.

கடைசியாகச் சமையலறை. சமையல் மேடைக்குச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அம்மா கோட்டருகில் போய் நின்றாள். கரண்டியால் கிளறுவதுபோல் கையை வைத்துப் பார்த்தாள். தோள் தூக்கிக்கொண்டது. அக்காவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். தாயும் மகளும் ஒரே உயரம், அதாவது உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

“கம்பியைப் பாத்தீங்க, தூணைப் பாத்தீங்க, முட்டைப் பாத்தீங்க” என்றாள் அம்மா. “இவ உயரத்தை ஒருத்தராவது பாத்தீங்களா? இந்த மேடையில சமைச்சா இவளுக்குக் கை கழுத்துக்கு வந்துடும்.”

அக்கா கோட்டைப் பார்த்தாள். இத்தனை தடவை வந்து போயும் அது அவள் கண்ணில் படவே இல்லை. தம்பி சிரித்துவிட்டான். இடுப்பிலிருந்து டேப்பை உருவி, “அக்கா, கையை மடக்கு” என்று சொல்லி, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் அளந்தான்.